இரண்டு வழியிலும் உப்பு விழும்

எங்கள் யூனிட்டில் ரியாக்‌ஷன் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. "உப்பு விழுந்துச்சா?" என்றுதான் கேட்போம். ரியாக்டரின் மேல்மூடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். அதன்மேல் டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பாகச் சுழலும் திரவம் தெரியும். தெளிவாக இருந்தால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி, சுழலில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் உப்பு விழுந்துவிட்டது, வேலை நடக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போவோம். இப்படித்தான் இருபது வருஷமாக நான் டீ குடித்தேன்.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். மணலியில் இந்தச் சின்ன கெமிக்கல் கம்பெனியில் டிரம் உருட்டும் ஹெல்ப்பராகச் சேர்ந்து, பிறகு ஆபரேட்டராகி, நிரந்தரமும் ஆனேன். எது கையைப் பொசுக்கும், எந்த வாசனை வந்தால் வெளியே ஓடவேண்டும் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

பயம் எனக்கு எப்போதும் உண்டு. காலை ஆறு மணி ஷிப்டுக்குத் திருவொற்றியூரில் வீட்டைவிட்டுக் கிளம்பினால், பஸ் ஸ்டாப் வரை போய், கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவேன். மூடித்தான் இருக்கும். என் வீட்டுக்காரி பாயில் படுத்தபடியே கேட்பாள், "இன்னாய்யா, கேஸு உன்ன போன் பண்ணி கூப்டுச்சா?" கம்பெனியிலும் அப்படித்தான். ஒவ்வொரு வால்வையும் மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு, சோற்றைப் பிசைந்த கையோடு போன் பண்ணி, "அந்த அடி வால்வை ஒரு தடவை பாருங்க" என்று சொன்னதும் உண்டு. ஒரு தடவைகூட அது திறந்திருந்ததில்லை.

மதியம் இரண்டு மணிக்கு என்னிடமிருந்து ரியாக்டரை வாங்கிக்கொள்கிறவன் எம்.கே.பி. நகர்க்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். காண்ட்ராக்ட் ஆள். இரண்டு பெண் குழந்தைகள். வேலையில் சுத்தம். கால் மணிக்கு ஒரு தரம் சூட்டை எழுதவேண்டும் என்றால் எழுதுவான், மற்றவர்கள் மாதிரி ஷிப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து இட்டு நிரப்பமாட்டான். என்னைக் கிண்டல் பண்ணுவதில் அவனுக்கு ஈடு கிடையாது.

"மாமு, அந்த வால்வ எத்தினி தபா தொட்ட?"

"மூணு."

"அத்தோட நிறுத்து. நாலாவது தபா தொட்டா அதுக்கு வெக்கம் வந்து தானா தொறந்துக்கும்."

புதுப் பொருள் ஒன்று எங்கள் ரியாக்டருக்கு வந்தது. மூச்சு சம்பந்தப்பட்ட ஏதோ மருந்துக்குப் போகிறது என்றார்கள். அதை ஆரம்பிப்பதற்கு முன்னால் கெமிஸ்ட் மேடம் எங்கள் இருவரையும் நிறுத்தி விளக்கம் சொன்னாள். விழுப்புரம் பக்கத்துப் பெண், எம்.எஸ்சி. படித்தவள், வந்து இரண்டு வருஷம் இருக்கும். ஹெல்மெட் அவளுக்குப் பெரிது, பேசும்போது கண்மேல் இறங்கும், தள்ளிவிட்டுக்கொண்டே பேசுவாள்.

"ஒரு புரோமைடு டிரம்ல வருதில்ல, அதுல கார்பனோட புரோமின் ஒட்டிக்கிட்டிருக்கும். அந்தப் புரோமின இறக்கிட்டு அந்த இடத்துல நம்ம பொருள உக்கார வைக்கணும். நம்ம பொருள் பின்பக்கமா வந்து ஏறும். அது ஏற ஏற, முன்பக்கமா புரோமின் இறங்கிடும். இதுக்குப் பதிலீட்டு வினைன்னு பேரு."

"ஷேர் ஆட்டோ மேடம்," என்றான் அவன். "டோல்கேட்ல ஒருத்தன் எறங்குனா ஒருத்தன் ஏறுவான்."

"அதேதான். ஆனா சில சமயம் ஏற வந்தவன் ஏறமாட்டான். உள்ள பக்கத்து சீட்டுல ஒரு ஹைட்ரஜன் உக்காந்திருக்கும் பாருங்க, அத புடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயிடுவான். அந்த நேரத்துல புரோமினும் இறங்கிடும். மிச்சம் உள்ள இருக்கிற ரெண்டு கார்பனும் பயந்து, ரெண்டு கையாலயும் ஒன்ன ஒன்னு புடிச்சுக்கும். இது நீக்க வினை."

"அப்ப யாருமே ஏறலியா?"

"யாரும் ஏறல."

"ஆட்டோக்காரனுக்கு பேஜாரு," என்றான். மேடம் சிரித்துவிட்டாள்.

எப்போது அப்படி ஆகும் என்று நான் கேட்டேன். இரண்டும் எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கும், சூடுதான் தராசு என்றாள். அறுபத்தைந்துக்குள் வைத்திருந்தால் ஏறுகிறவர்கள் அதிகம். எண்பதுக்கு மேல் போனால் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அதிகம். அப்படி ஓடினால் பெட்ரோல் மாதிரி ஒரு லேசான திரவம் மேலே போய்விடும், நமக்கு வேண்டிய பொருள் உள்ளே இருக்காது. "அதனால அறுபத்தஞ்ச தாண்டக்கூடாது. அவ்வளவுதான்."

அன்றைக்கு நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கவேண்டும். இரண்டு வழியிலும் புரோமின் இறங்குகிறதே, அப்படியென்றால் உப்பு? கேள்வி வாய் வரை வந்தது. படித்த பெண்ணின் முன்னால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று விழுங்கிவிட்டேன்.

முதல் சில பேட்ச்கள் நன்றாக வந்தன. பிறகு ஒரு வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். ரியாக்டரைக் கழுவி, அடுத்த பேட்ச்சுக்குத் தயார் பண்ணி அவனிடம் கொடுக்கவேண்டும்.

ரியாக்டருக்குள் மேலிருந்து ஒரு எஃகுக் குழாய் இறங்கும். அடி மூடிய குழாய். வெப்பமானியின் கம்பி அதற்குள்தான் நிற்கும். குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் எண்ணெய் ஊற்றிவைக்கவேண்டும். எண்ணெய் இருந்தால் உள்ளே இருக்கும் சூடு கம்பிக்கு உடனே வந்து சேரும். இல்லாவிட்டால் நடுவில் காற்றுதான். காற்று சூட்டைக் கடத்த நேரம் எடுக்கும், முழுசாகவும் கடத்தாது. மீட்டர் எப்போதும் குறைத்தே காட்டும். இது எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பழைய எண்ணெய் தார் மாதிரி கறுத்துவிட்டிருந்தது. கைப்பம்பில் உறிஞ்சி எடுத்தேன். கம்பியில் துணி சுற்றிக் குழாயைத் துடைத்தேன். புது எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினேன். எங்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கேனைக் கையில் எடுத்ததுமே சரிபார்ப்புத் தாளில் டிக் போட்டுவிடுவோம், ஊற்றிய பிறகு எண்ணெய்க் கையோடு தாளைத் தொட்டால் கறையாகும் என்று. நானும் போட்டேன். போட்ட அந்த நிமிஷம், அடி வால்வை மூடினேனா என்று வந்தது.

கேனை ஏணி பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு மாடி இறங்கினேன். மூடியிருந்தது. மேலே ஏறினேன். பாதி வழியில் காஸ்டிக் சோடா வரும் லைன் ஞாபகம் வந்தது. அதற்கு இறங்கினேன். அதுவும் மூடியிருந்தது. திரும்ப ஒருமுறை அடி வால்வு. மேலே வந்தபோது மணி ஒன்றே முக்கால். ஏணி பக்கத்தில் கேன் இருந்தது, தாளில் டிக் இருந்தது. ஊற்றிவிட்டுக் கீழே வைத்த கேன் என்றுதான் என் கண் எடுத்துக்கொண்டது. வெப்பமானியைக் குழாயில் இறக்கித் திருகினேன்.

இரண்டு மணிக்கு அவன் வந்தான். "எல்லாம் செக் பண்ட்டியா மாமு?"

"மூணு தடவை."

"அப்ப நான் கண்ண மூடிகினு ஓட்டலாம்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை நான் ஆறு மணிக்குப் போனபோதே ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் பக்கம் பெட்ரோல் வாடை அடித்தது. ஒன்பது மணிக்கு மேடம் வந்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சோதனைத் தகட்டில் பொட்டு வைத்துப் பார்த்தாள். எங்கள் பொருள் போட்டது போட்டபடி ரியாக்டரில் இருந்தது. அது ஏறி உட்காரவே இல்லை. புரோமைடைக் காணோம். கண்டென்சருக்குக் கீழே இருக்கும் கலத்தைத் திறந்தால் இரண்டு வாளிக்கு மேல், தண்ணீர் மாதிரித் தெளிவாக, பெட்ரோல் வாடையோடு ஒரு திரவம்.

அவனைப் போன் பண்ணி வரவழைத்தார்கள். மேனேஜர் அறையில் நின்றான். நான் பக்கத்து வராந்தாவில், கதவு திறந்திருந்ததால், எல்லாவற்றையும் கேட்டேன்.

"உப்பு விழுந்துச்சு சார். நானே பாத்தேன். எப்பவும் வுயறத விட சூப்பரா வுயுந்துச்சு."

"உப்ப விடு. எவ்வளவு சூடு ஏத்துன?"

"அறுபத்திரெண்டுக்கு மேல போவல சார். எய்தி வச்சிக்கீறேன், பாருங்க."

"அறுபத்திரெண்டுல இவ்வளவு திரவம் வராது. எண்பது தாண்டியிருக்கு. எங்கயோ போய் படுத்துட்டு, வந்து அறுபத்திரெண்டுன்னு எழுதி வச்சிருக்க."

"சத்தியமா இல்ல சார். பொய் எய்துறவன் இல்ல சார் நானு."

காண்ட்ராக்ட் ஆளிடம் யாரும் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்பதில்லை. கேட் பாஸை வாங்கிக்கொண்டு, இனிமேல் வரவேண்டாம் என்று அனுப்பினார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது, "இன்னா மாமு, உப்பு வுயுந்தா நல்லதுதானே?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை. மேடத்திடம் போய்க் கேட்டேன்.

"ரெண்டு வழியிலயும் புரோமின் வெளிய வந்துடும் அண்ணா. வெளிய வந்தா காஸ்டிக்ல இருக்கிற சோடியத்தோட சேர்ந்து உப்பாதான் விழும். ரெண்டு வழியிலயும் உப்பு விழும். உப்ப பாத்து எந்த வழியில போச்சுன்னு சொல்ல முடியாது."

சூடு அதிகமானால் உப்பு இன்னும் வேகமாக விழும் என்றும் சொன்னாள். நன்றாக நடக்கிறது என்று அவன் நம்பியதற்கு அதுதான் காரணம். சூடு எப்படி அதிகமாகியிருக்கும், மீட்டர் அறுபத்திரெண்டு காட்டும்போது, என்று நான் கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு முன்னாலேயே ஏணி பக்கத்தில் இருந்த கேன் கண்முன் வந்தது.

மேலே ஏறினேன். வெப்பமானியைத் திருகி வெளியே எடுத்தேன். நீளக் கம்பி ஒன்றைக் குழாயின் அடிவரை விட்டு எடுத்தேன். காய்ந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், பிசுக்குக்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தேன்.

அடுத்து நான் செய்ததை எத்தனை பேரிடம் சொன்னாலும் புரியவைக்க முடியாது. கெட்டுப்போன பேட்ச்சை இறக்கிவிட்டு, அன்றைக்கே அடுத்த பேட்ச் ஆரம்பிக்கவேண்டும். எண்ணெய் இல்லாத குழாயோடு அதை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்கிற பயத்தில், கேன் இன்னும் அங்கேயே இருக்க, எடுத்து ஊற்றிவிட்டேன். குழாய் நிரம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது. அவன் பொய் எழுதவில்லை என்பதற்கு உலகத்திலேயே ஒரு சாட்சிதான் இருந்தது, அந்தக் காய்ந்த குழாய். அதை நானே நிரப்பிவிட்டேன்.

அந்தப் பேட்ச் பிரமாதமாக வந்தது. மேனேஜர் என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா, அதே ரியாக்டர், அதே மீட்டர். ஆள் மாறினதும் பேட்ச் ஒழுங்கா வருது." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனா என்று ஞாபகம் இல்லை. ஆட்டியிருப்பேன்.

மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் கேஸைப் பார்க்கத் திரும்பி வரவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. இல்லாத தப்புக்கெல்லாம் வியர்த்தவனுக்கு, இருக்கிற தப்பு வந்ததும் மற்றதெல்லாம் நின்றுவிட்டது. வீட்டுக்காரிதான் முதலில் கவனித்தாள். "இன்னாய்யா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? கேஸாண்ட போவவே இல்ல நீ."

சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நின்றது.

"சொன்னா வேல பூடுமா?"

"தெரியல. பர்மனென்ட்டு. உடனே போகாது."

"அவனுக்கு பூட்ச்சே?"

நான் கீரைக் கட்டை என் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தேன்.

"அவன் பொண்டாட்டி காலைல போன் பண்ணா," என்றாள். "அண்ணன் பெரிய ஆளு, பர்மனென்ட்டு, மேடம் கையில ஒரு வார்த்த சொல்ல சொல்லுக்கான்னு அயுவுறா. நான் சொல்றேன்னுட்டேன். இப்ப நீயே சொல்லு, நான் இன்னான்னு சொல்ல?"

திங்கட்கிழமை காலை மேடத்திடம் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பழைய எண்ணெயை எடுத்தது, டிக் போட்டது, கீழே இறங்கியது, மறுநாள் காய்ந்த குழாயில் நானே ஊற்றியது. அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"அண்ணா, போன மாசம் காஸ்டிக் வால்வ தொறந்து வச்சிட்டேன்னு வீட்லேர்ந்து போன் பண்ணீங்க. மூடியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி பம்ப்ப நிறுத்தலன்னு ராத்திரி பூரா தூங்கலன்னீங்க. நிறுத்தியிருந்துச்சு. அவர் போனது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு, அதனால உங்க மேல போட்டுக்கறீங்க."

"இல்ல மேடம், இது நெஜம்."

"அப்பவும் நெஜம்னுதானே சொன்னீங்க?" தாளைப் புரட்டி எடுத்துக் காட்டினாள். "பாருங்க, எண்ணெய்க்கு நேரா டிக் இருக்கு. உங்க கையெழுத்து."

இத்தனை வருஷமாக நான் சொன்ன பொய்யான பயங்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து, ஒரே ஒரு உண்மையைச் சொல்லும்போது வாயை அடைத்துக்கொண்டு நின்றன.

அன்று ஷிப்ட் முடிந்ததும் நேராக எம்.கே.பி. நகர் போனேன். மூன்றாவது மாடி. அவன் பனியனோடு, மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். சின்னப் பெண் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி எனக்கு நாற்காலி போட்டு, டீ வைக்க உள்ளே போனாள். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

சொன்னதும் அவனும் மேடம் மாதிரியே சிரித்தான். "மாமு, உன் வியாதிய இங்கயும் இட்டுகினு வந்துட்டியா? வூட்டுக்கு போ. நல்லா தூங்கு."

"கம்பி விட்டுப் பாத்தேன்டா. காஞ்சு இருந்துச்சு."

"நீ கேஸ கூடதான் தொறந்து கெடக்குதுன்னு பாப்ப."

"மீட்டர் எப்படி ஏறுச்சு அன்னிக்கு? அத சொல்லு."

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "ஏறவே இல்ல மாமு. ஸ்டீம தொறந்தா எப்பவும் ரெண்டு நிமிஷத்துல நகரும். அன்னிக்கு அப்டியே நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் தொறந்தேன். அப்பால மெதுவா ஏறிச்சு. ஒரு தபா ரியாக்டர் பாடில கைய வச்சேன், சுரீர்னுச்சு. அறுபத்திரெண்டுக்கு இப்டி சுடாதேன்னு நெனச்சேன். கண்ணாடில பாத்தா உப்பு வுயுந்துகினே கீது. செரி, மீட்டருக்கு தெரியாததா என் கைக்கு தெரியும்னு உட்டுட்டேன்." நிறுத்தினான். என்னையே பார்த்தான். "நெஜமாவா மாமு?"

"நெஜம்."

"நீ கம்பி வுட்டு பாத்தது என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை. நீ வெளிய போனதும்."

அவன் விரல்விட்டு எண்ணினான். எண்ணவேண்டிய அவசியமே இல்லை, ஆனால் எண்ணினான். உள்ளே டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"வெள்ளி, சனி, ஞாயிறு. இன்னிக்கு திங்கள்." குரலை உயர்த்தவில்லை. "நேத்து எங்க மாமியார் வந்து, பொய் கணக்கு எய்தி மாட்டிகினியாமேன்னு கேட்டுச்சு. என் பொண்ணுங்க எதிர்ல. நான் தலைய தொங்க போட்டுகினு ஒக்காந்துகினு இருந்தேன். அப்ப உனக்கு தெரியும்."

"தெரியும்."

"டீ குட்ச்சிட்டு போ," என்றான். விசிறியின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவி கொண்டுவந்த டீயை நின்றுகொண்டே குடித்தேன். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "மேடம் கைல சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "கடவுள் உங்கள நல்லா வச்சிருக்கணும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ரியாக்டர் கழுவும் நாள். கழுவுவதற்கு எப்படியும் தண்ணீர் நிரப்பிச் சூடு பண்ணவேண்டும். மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றேன். "மேடம், நீங்க நம்பவேணாம். பத்து நிமிஷம் மேல வாங்க. எண்ணெய எடுத்துட்டு தண்ணில ஸ்டீம் விட்டுக் காட்றேன். ஒண்ணும் இல்லன்னா இனிமே நான் எதுக்கும் உங்ககிட்ட வரமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் எதிரிலேயே எண்ணெயை உறிஞ்சி எடுத்தேன். துணி விட்டுத் துடைத்தேன். வெப்பமானியை இறக்கி, ஸ்டீம் திறந்தேன். அடி வால்விலிருந்து எஃகுக் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, கண்ணாடி வெப்பமானியை அதில் வைத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், மேலே மீட்டரைப் பார்த்தாள். மீட்டரில் ஐம்பத்தெட்டு. கையில் எழுபத்தாறு.

இன்னொரு குவளை கேட்டாள். கொண்டுவந்தேன். இந்தத் தடவை எழுபத்தெட்டு. மேலே அறுபது.

"எண்ணெய ஊத்துங்க" என்றாள். ஸ்டீமை மூடச் சொன்னாள். நான் ஊற்றி, வெப்பமானியை இறக்கினேன். ஸ்டீம் மூடியிருந்தது, ரியாக்டரில் ஒன்றும் மாறவில்லை. மீட்டர் மட்டும் ஏறத் தொடங்கியது. அறுபத்தைந்து. எழுபது. எழுபத்தைந்து. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுபத்தெட்டில் நின்றது.

மேடம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாள். அங்கே கழற்றக்கூடாது. "அவர் சரியாதான் எழுதியிருக்கார்," என்றாள். பிறகு, "நான்தான் மேனேஜர்கிட்ட சொன்னேன், எண்பதுக்கு மேல போயிருக்கு, ஷீட் பொய்னு. கெமிஸ்ட்ரி சரி. சூடு எண்பதுக்கு மேல போயிருக்கு. ஆனா அவர் பொய் சொல்லல."

அவளே அறிக்கை எழுதினாள். என் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்து எழுதினாள், உங்கள் பெயர் வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு மெமோ கொடுத்தார்கள். மேனேஜர் நிறையத் திட்டினார். தப்புக்காகத் திட்டியது பாதி, இதை வெளியே சொன்னதற்காகத் திட்டியது பாதி. காண்ட்ராக்ட்காரருக்குப் போன் போட்டு, அந்த ஆளை வரச்சொல்லு என்றார்கள். யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பொய் எழுதினாய் என்று சத்தமாகச் சொன்னவர்கள், நீ எழுதியது உண்மைதான் என்று மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

நான் போய்ச் சொன்னேன். மறுபடியும் அந்த மூன்றாவது மாடி. இந்தத் தடவை நாற்காலி வரவில்லை. அவன் மனைவிக்கு இப்போது தெரியும், உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலிலேயே நின்று தண்ணீர் ஊற்றிப் பார்த்ததைச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகக் கேட்டான். அறுபது, எழுபத்தெட்டு என்றபோது கண்ணை மூடித் திறந்தான்.

"அப்ப என் கை கரெக்டு."

"கரெக்டு."

"உன்ன இன்னா பண்ணாங்க?"

"மெமோ."

"வேல?"

"இருக்கு."

"கீதா? நல்லதா போச்சு," என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று அன்றைக்கு ராத்திரியும் மறுநாளும் யோசித்தேன். இருந்தமாதிரியும் இருந்தது, இல்லாதமாதிரியும் இருந்தது. வருவாயா என்று கேட்டேன். "வராம? ரெண்டு புள்ளைங்க கீதே," என்றான்.

அந்த வாரக் கடைசியில் வந்தான். கேட்டில் அவனைப் பார்த்தேன். கை தூக்கினேன், அவனும் தூக்கினான். மதியம் இரண்டு மணிக்கு ரியாக்டர் பக்கத்தில், அன்றைக்குச் செய்ததையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எண்ணெய், வால்வு, லைன், ஒவ்வொன்றையும் செய்து முடித்த பிறகே எழுதியது. அவனிடம் அதைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கூட வந்து காட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். வேறு ஒருவன் வந்து நின்றான். பக்கத்து யூனிட் ஆள்.

கீழே போய் மேடத்திடம் கேட்டேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஷிப்ட் மாத்திக் கேட்டார் அண்ணா. எந்த ஷிப்ட்னாலும் சரி, உங்க கையிலேர்ந்து பேட்ச் வாங்க வேணாம்னு சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல."

"சரி மேடம்" என்றேன். அவன் கேட்டது சரிதான். மேலே ஏறிப் போய், காத்துக்கொண்டிருந்த அந்த ஆளிடம் தாளைக் கொடுத்தேன். அவன் வாங்கிப் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்க செக் பண்ணா போதும்ணா" என்றான்.

போதாது என்று சொன்னேன். படிக்கும்வரை நான் கீழே இறங்கவில்லை.